ஒரே மலையில் இரண்டு எலிகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு காட்டெலி உண்டு. லண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய மார்ட்டின் ஹின்டன் 1918-இல் அதற்குப் பெயர் வைத்தார். மகாராஷ்டிரத்தின் சதாரா பகுதியிலிருந்து வந்த மாதிரி என்பதால் ஊர்ப் பெயரே அதற்கும் வந்தது. ஆனால் அவர் அதைத் தனி இனமாகக் கருதவில்லை. நம் வீட்டுப் பரணில் ஓடுகிற சாதாரண வீட்டெலியின் ஒரு கிளையினமாகத்தான், அதாவது வட்டார வகையாகத்தான் பதிவு செய்தார். நூறாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கழித்து, 2011-இல், 'ஜர்னல் ஆஃப் மம்மாலஜி' இதழில் ஒரு கட்டுரை வந்தது. தென்னிந்தியாவில் அக்கம்பக்கமாக வாழும் வீட்டெலியையும் இந்தச் சதாரா எலியையும் உடல் அளவு, குரோமோசோம், மரபணு ஆகிய மூன்று வழிகளிலும் அது ஒப்பிட்டது. இரண்டும் வேறு வேறு இனங்கள் என்று முடிவு சொன்னது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பாலூட்டிகளின் உலகப் பட்டியல் சதாரா எலியைத் தனி இனமாகச் சேர்த்துவிட்டது. ஆனால் பட்டியலில் ஏறுவது வேறு, ஏன் ஏற வேண்டும் என்று காட்டுவது வேறு.

இப்படிப்பட்ட செய்திகள் நாளிதழ்களில் வரும்போது இரண்டு விதமான எதிர்வினைகளைப் பார்க்கிறோம். மரபணு பார்த்துச் சொல்லிவிட்டார்கள், இனி பேச்சில்லை என்பது ஒன்று. எலி என்றால் எலிதானே, இரண்டு எழுத்து மாறினால் புது இனமா என்பது இன்னொன்று. இரண்டுமே விஷயத்தைத் தவறவிடுகின்றன. அளவுகோலும் மரபணுவும் ஒரே கேள்விக்குப் போட்டி போடும் இரண்டு பதில்கள் அல்ல. அவை வேறு வேறு கேள்விகளைக் கேட்கின்றன. அந்த இரண்டு பதில்களும் ஒரே விலங்குகளில் ஒத்துப்போகின்றனவா என்பதில்தான் இனப் பிரிப்பின் வலுவே இருக்கிறது.

கண்ணால் பார்த்துப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு வீட்டெலியே சாட்சி. 1758-இல் லின்னேயஸ் பெயரிட்டது ஐரோப்பாவின் கரிய எலியை. பின்னர் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவிலிருந்து பழுப்பு முதுகு கொண்டது வந்தது. அதற்கு 1803-இல் ஒரு பெயர். சிசிலியிலிருந்து வெள்ளை வயிறு கொண்டது வந்தது. அதற்கு 1814-இல் ஒரு பெயர். பிறகு பார்த்தால் மூன்று நிறமும் ஒரே கூட்டத்தில் கலந்து வாழ்கின்றன, ஒன்றோடொன்று இணைந்து குட்டி போடுகின்றன. நிறம் அங்கே தனிநபர் வேறுபாடு மட்டுமே. இந்தியாவில் நிலைமை இன்னும் சிக்கல். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911-இல் தொடங்கிய பாலூட்டிகள் கணக்கெடுப்பில் தோல்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அவற்றை வைத்து ஹின்டன் வீட்டெலிக்கு வரிசையாகக் கிளையினங்களை அறிவித்தார். நர்மதைக்கு ஒன்று, கிர் காட்டுக்கு ஒன்று, தெற்கே மலைக்காடுகளுக்கு வெள்ளை வயிற்றோடு ஒன்று. வெள்ளை வயிறு ஓர் இனத்தின் அடையாளமா, ஈரக்காட்டில் வாழ்வதன் விளைவா, வெறும் நிற வேறுபாடா என்று தோலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இத்தனை பெயர்களுக்கு நடுவில் உண்மையிலேயே வேறான ஒன்று ஒளிந்திருந்தபோது அது யார் கண்ணிலும் தனியாகப் படாமல் போனதில் வியப்பில்லை. அதிகமாகப் பிரித்ததுதான் இங்கே உண்மையான பிரிவை மறைத்தது.

ஆகவே அளக்க வேண்டும். பொறியில் விழுந்த எலியிடம் முதலில் எடுப்பது ஐந்து எண்கள்: தலையும் உடலும் சேர்ந்த நீளம், வால், பின்பாதம், காது, எடை. கேட்பதற்கு எளிது. ஆனால் எடை, வயிற்றில் இருக்கும் தீனியையும் கருவையும் சேர்த்துத்தான் சொல்லும். வால் பாதி அறுந்திருக்கலாம். காது காய்ந்தால் சுருங்கும். ஆகவே பிடித்த அன்றே அளந்து சீட்டில் எழுதிக் கட்டியிருந்தால்தான் உண்டு, பதப்படுத்திய தோலில் பின்னர் அளப்பது வேறு எண்ணைத் தரும். பின்பாதத்தை நகத்தோடு சேர்த்து அளப்பது அமெரிக்க வழக்கம், நகத்தை விட்டுவிட்டு அளப்பது ஐரோப்பிய வழக்கம். சீட்டில் எந்த வழக்கம் என்று எழுதாமல் விட்டால் ஓரிரு மில்லிமீட்டர் காற்றில் போய்விடும். நெருங்கிய இரண்டு எலி இனங்களுக்கு இடையே பாதத்தில் உள்ள வேறுபாடே பல நேரம் அவ்வளவுதான்.

இவற்றில் பின்பாதத்துக்குத் தனி மதிப்பு உண்டு. குட்டிப் பருவத்திலேயே வேகமாக வளர்ந்து முழு அளவை எட்டிவிடும், அதன்பின் தீனி கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறாது. அதைவிட நம்பகமானது மண்டையோட்டில் கடைவாய்ப் பற்களின் வரிசை நீளம். எலியின் முன்பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அது எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறது. கடைவாய்ப்பல் அப்படியல்ல. முளைத்த பிறகு தேயுமே தவிர வளராது. எனவே பல்வரிசையின் நீளம் இளம் எலிக்கும் கிழ எலிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வயதையும் சொல்லிவிடும். வயது தெரிந்தால்தான் மற்ற அளவுகளை ஒப்பிடவே முடியும். இல்லாவிட்டால் ஓர் இனத்தின் கிழங்களையும் இன்னோர் இனத்தின் இளசுகளையும் பக்கத்தில் வைத்து வேறுபாடு கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்துகொண்டிருப்போம்.

இவ்வளவு கவனமாக அளந்தாலும் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் நிற்கும். ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் உயரப்படி ஒரே வரிசையில் நிறுத்தினால், எட்டாம் வகுப்பின் சராசரி கூடுதலாகத்தான் வரும். ஆனால் நடுவில் நிற்கும் ஒரு பையனைக் காட்டி எந்த வகுப்பு என்று கேட்டால் உயரத்தை வைத்துச் சொல்ல முடியாது. சராசரியில் வேறுபாடு இருப்பதும், ஒரு தனி விலங்கை அடையாளம் காண முடிவதும் ஒன்றல்ல. இனங்களைப் பற்றிய வாதங்களில் மிக அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படுவது இந்த இடம்தான்.

இதற்கு மாற்றாக ஆய்வாளர்கள் மண்டையோட்டில் பத்து இருபது அளவுகளை எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் கலந்து கிடக்கும் அளவுகள், ஒன்றோடொன்று உள்ள விகிதத்தில் பார்த்தால் பிரியக்கூடும். மூக்கெலும்பு நீளமாக இருந்தும் பல்வரிசை குறுகியிருக்கிறதா என்பது போன்ற கேள்விகள் அவை. அதாவது உருவத்தின் அளவை ஒதுக்கிவிட்டு வடிவத்தைப் பார்ப்பது. நல்ல முறைதான். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. எந்த விலங்கு எந்தக் குழு என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து, அந்தக் குழுக்களை மிக நன்றாகப் பிரிக்கும் கோட்டைக் கண்டுபிடி என்று கணக்கிடம் கேட்டால், அது எப்படியாவது ஒரு கோட்டைப் போட்டுக் கொடுக்கும். விலங்குகள் குறைவாகவும் அளவுகள் அதிகமாகவும் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டாகப் பிரித்த ஒரே இனத்தைக்கூட அழகாகப் பிரித்துக் காட்டும். ஆகவே குழுவை அளவுகளே முடிவு செய்யக்கூடாது. அளவுகளோடு தொடர்பில்லாத வேறொரு சாட்சி குழுவைச் சொல்ல வேண்டும், அளவு அதை ஆமோதிக்கிறதா என்று பிறகு பார்க்க வேண்டும்.

அந்த வேறொரு சாட்சியாக முதலில் வந்தது குரோமோசோம். உயிருள்ள எலியின் எலும்பு மஜ்ஜையில் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். அந்தப் பிரிவை ஒரு மருந்தால் நடுவழியில் நிறுத்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் எண்ணலாம். ஜப்பானின் தோசிஹிதே யோசிதா இந்த வேலையை நாடு நாடாகச் செய்தார். அதில் தெரிந்தது இது: இந்தியத் தீபகற்பத்திலும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று கப்பலேறிப் போன இடங்களிலும் வீட்டெலிக்கு 38 குரோமோசோம். ஜப்பான் முதலிய கிழக்காசிய நாடுகளில் அதே போலத் தோன்றும் எலிக்கு 42. நடுவில் இலங்கையில் 40. குரோமோசோம்கள் தொலைந்துபோகவில்லை, இரண்டு தனித் துண்டுகள் நுனியில் ஒட்டி ஒன்றாவதால் எண்ணிக்கை குறைகிறது. 42-ஐயும் 38-ஐயும் ஆய்வகத்தில் கலந்தபோது பிறந்தவற்றின் இனப்பெருக்கத் திறன் வெகுவாகக் குறைந்தது. விந்தும் முட்டையும் உருவாகும்போது ஒட்டிய துண்டும் ஒட்டாத துண்டுகளும் சரியாக ஜோடி சேர முடியாமல் தடுமாறும் என்பதே காரணம். இன்று கிழக்காசிய எலி ராட்டஸ் தனேசுமி என்று தனி இனம். நம் ஊர் எலிதான் ராட்டஸ் ராட்டஸ்.

ஆனால் எண்ணிக்கையையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாக்கடையில் வாழும் பழுப்பு எலிக்கும் 42 தான். அதை யாரும் கிழக்காசிய எலியோடு சேர்ப்பதில்லை. மறுபக்கம் சுவிட்சர்லாந்தின் போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் ஒரு கரிய சுண்டெலி இருக்கிறது. 1869-இல் விக்டர் ஃபாசியோ அதைத் தனி இனமாக அறிவித்தார். புகையிலைச் சுண்டெலி என்றே அதற்குப் பெயர். நூறாண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது சாதாரணச் சுண்டெலிக்கு உள்ள 40-க்குப் பதில் அதற்கு 26 தான் இருந்தது. ஆகா, தனி இனம்தான் என்று தோன்றும். இல்லை. ஐரோப்பாவில் பல பள்ளத்தாக்குகளில் வெவ்வேறு எண்ணிக்கையோடு இதுபோன்ற சுண்டெலிக் கூட்டங்கள் இருப்பது பிறகு தெரியவந்தது. இன்று அவை எல்லாம் வீட்டுச் சுண்டெலி என்ற ஒரே இனத்தின் குரோமோசோம் வகைகளாகவே கொள்ளப்படுகின்றன.

மூன்றாவது சாட்சி மரபணு. இதன் பெரிய வசதி, விலங்கு உயிரோடு இருக்கத் தேவையில்லை. காது நுனியில் கிள்ளிய சிறு துணுக்கு, ஆல்கஹாலில் போட்ட ஈரல் துண்டு, நூறாண்டுப் பழைய தோலின் பாதத்திலிருந்து சுரண்டிய பொடி எதிலிருந்தும் எடுக்க முயலலாம். குரோமோசோமை ஹின்டனின் தோல்களில் எண்ண முடியாது. மரபணுவை வாசிக்க முடியும். பாலூட்டிகளில் வழக்கமாக வாசிப்பது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி என்ற மரபணுவை. மொத்தம் 1,140 எழுத்து. இரண்டு விலங்குகளில் எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்பது சதவீதமாகச் சொல்லப்படும்.

எத்தனை சதவீதம் மாறினால் தனி இனம்? இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாக எதிர்பார்ப்பதுதான் தவறு. 2001-இல் ராபர்ட் பிராட்லியும் ராபர்ட் பேக்கரும் இதே மரபணுவை வைத்துப் பாலூட்டிகளை ஆராய்ந்து சொன்னது, இரண்டு சதவீதத்துக்குக் கீழ் என்றால் பெரும்பாலும் ஒரே இனத்துக்குள் உள்ள வேறுபாடு, 11 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் வேறு இனம். நடுவில் இருப்பவற்றை மேலும் ஆராய வேண்டும் என்றார்கள். நெருங்கிய சிறு பாலூட்டிகளில் வழக்கு வருவதெல்லாம் அந்த நடுவில்தான். தெளிவான வழக்குகளும் உண்டு. பிரிட்டனில் ஐந்து கிராம் எடைகூடச் சரியாகத் தேறாத பிபிஸ்ட்ரெல் வௌவால் ஒரே இனம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பறக்கும்போது சில 45 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் சில 55 அளவிலும் ஒலி எழுப்புவதைக் கருவிகள் காட்டின. 1997-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, இரண்டு ஒலிக்குழுக்களுக்கும் இடையே சைட்டோகுரோம் பி 11 சதவீதத்துக்கு மேல் மாறியிருப்பதைச் சொன்னது. கையில் பிடித்து அளந்தால் இரண்டும் கலந்துதான் நிற்கும். இங்கே அளவுகோல் தோற்றது உண்மை. ஆனால் வென்றது மரபணு மட்டுமல்ல. முதலில் கேள்வியை எழுப்பியது ஒலி.

மரபணுவின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வரும். எப்போதோ ஒரு காலத்தில் ஓர் இனத்தின் பெண் இன்னோர் இனத்தின் ஆணோடு சேர்ந்திருந்தால், அதன் பெண் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாகத் தந்தை வழி இனத்தோடே கலந்துகொண்டு போனால், உடல் முழுதும் ஓர் இனமாகவும் மைட்டோகாண்ட்ரியா மட்டும் இன்னோர் இனமாகவும் நிற்கும் விலங்கு கிடைக்கும். கற்பனையல்ல. தென்கிழக்காசியாவின் வீட்டெலிக் கூட்டங்களில் மைட்டோகாண்ட்ரியா சொல்லும் பிரிவும் செல்லின் உட்கருவில் உள்ள மரபணுக்கள் சொல்லும் பிரிவும் ஒத்துப்போகவில்லை என்று 2013-இல் காட்டப்பட்டது. ஒரு மரபணுவை மட்டும் வாசித்து இனம் சொல்லியிருந்தால், அங்கே எலியைச் சொல்லியிருக்க மாட்டோம், அதன் தூரத்துப் பாட்டி ஒருத்தியைச் சொல்லியிருப்போம்.

அதற்காக அந்த ஒற்றை மரபணு வீண் என்றும் இல்லை. எந்தப் பாட்டியின் வழி எங்கே போனது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2011-இல் கென் ஆப்ளினும் பலரும் சேர்ந்து உலகெங்கும் உள்ள வீட்டெலிகளின் மைட்டோகாண்ட்ரியாவை ஒப்பிட்டார்கள். ஒரே எலி என்று சொல்லிவந்த கூட்டத்தில் ஆறு வழிகள் தெரிந்தன. அவற்றில் உலகம் சுற்றியது இந்திய வழி. இங்கிருந்து மேற்காசியா, அங்கிருந்து ஐரோப்பா, பிறகு ஐரோப்பியக் கப்பல்களில் மற்றக் கண்டங்கள். லின்னேயஸ் ஐரோப்பாவில் பெயரிட்ட எலியின் பூர்வீகம் நம் தீபகற்பம்.

இப்போது சதாரா எலிக்குத் திரும்பலாம். 2011 கட்டுரையின் வலு அதில் பயன்பட்ட கருவிகளில் மட்டும் இல்லை. விலங்குகள் எங்கே பிடிபட்டன என்பதிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே வட்டாரத்தில் வாழ்பவை. வெகுதொலைவில் வாழும் இரண்டு கூட்டங்கள் வேறுபட்டால், தூரமே காரணமாக இருக்கலாம். நாளை அவை சந்தித்தால் கலந்துவிடுமா என்று யாரால் சொல்ல முடியும்? இலங்கையின் 40 குரோமோசோம் எலியைப் பற்றிய வாதம் முடிவது கடினம் என்பதற்குக் காரணம் அதுதான், இடையில் கடல். ஆனால் ஒரே மலைச்சரிவில், கலப்பதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தும், இந்தப் பல்வரிசையும் இந்தக் குரோமோசோமும் இந்த மரபணுவும் எப்போதும் ஒன்றாகவே வருகின்றன, மற்ற எலிக்குரிய மூன்றும் எப்போதும் ஒன்றாகவே வருகின்றன, நடுவில் கலவை இல்லை என்றால், ஆய்வாளர் செய்ய வேண்டிய பிரிவை எலிகளே செய்துவிட்டன என்று பொருள்.

இலங்கையின் மூஞ்சூறுகளிலும் இதே வழிதான் பலன் தந்தது. சிங்கராஜ மழைக்காட்டில் கிடைத்த ஒரு சிறிய மூஞ்சூறு, மலைநாட்டில் முன்பே அறியப்பட்டிருந்த இன்னொன்றைப் போலவே இருந்தது. உடல் அளவையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்த பிறகே 2007-இல் அது குரோசிடுரா ஹிக்மியா என்ற தனி இனமாக அறிவிக்கப்பட்டது.

இன்னொரு கதையும் இங்கே சொல்லத் தக்கது, ஏனென்றால் அதில் மரபணுவே கிடையாது. 1948-இல் தேனிக்கு மேலே உள்ள மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பம்பாய்க்கு அனுப்பினார். ஊரெங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று சீட்டு எழுதி இழுப்பறையில் வைத்துவிட்டார்கள். தாய்லாந்தின் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பல்லைப் பார்த்தார். முன்பற்களின் எண்ணிக்கையே வேறாக இருந்தது. 1972-இல் அதற்குப் புதிய பேரினமே அமைத்து, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். இருபத்து நான்கு ஆண்டுகள் அந்த மாதிரி இழுப்பறையில் இல்லாமல் குப்பைக்குப் போயிருந்தால் எந்த நவீனக் கருவியும் அதை மீட்டிருக்காது. இன்று பலர் படமெடுத்து, காதில் சிறு துணுக்குக் கிள்ளிவிட்டு விலங்கை விட்டுவிடுகிறார்கள். விலங்குக்கு நல்லதுதான். ஆனால் ஒரு புதிய இனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், மண்டையோடு எந்த அருங்காட்சியகத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்ல முடியாவிட்டால், நாளை வேறொருவர் அதை மறுபடி அளந்து சரிபார்க்க வழியில்லை. இதற்காகச் சில விலங்குகளை எடுத்துக்கொள்வது தேவை என்பதே எங்கள் கருத்து, கேட்பதற்கு இனிமையாக இல்லாவிட்டாலும்.

சட்டத்திலும் இதன் விளைவு உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலிகளையும் சுண்டெலிகளையும் பழந்தின்னி வௌவால்களையும் காகத்தோடு சேர்த்து ஐந்தாம் அட்டவணையில், தீங்குயிர்களாக வைத்தது. எந்த எலி என்று அது கேட்கவில்லை. 2022 திருத்தம் அந்த அட்டவணையை நீக்கும்வரை அதுதான் நிலை. மேகமலை வௌவாலை அதற்கு முன்பே தனியாகப் பிரித்தெடுத்து முதல் அட்டவணைக்கு மாற்றினார்கள். தனி இனம் என்று தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத, உலகப் பாதுகாப்புப் பட்டியலில் அழியும் வாய்ப்புள்ளது என்று குறிக்கப்பட்ட சதாரா எலிக்கு அப்படி ஒரு தனி இடம் கேட்பதென்றால், அது வீட்டெலி அல்ல என்பதை முதலில் காட்டியாக வேண்டும். காட்டோரத்து ஏலத் தோட்டத்திலும் காப்பித் தோட்டத்திலும் விஷம் வைக்கும் கைக்கு இரண்டும் ஒரே எலிதான்.